மூன்று முறை ஏலம் போன கோழி

டுரியான் துங்காலில், ஒரு தாமான் குடியிருப்பின் மூலை வீட்டில் வசிக்கும் திருவாளர் பிரான்க்ளினின் வாழ்க்கையில் முதல் அறுபது வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையின் பண்டகசாலையில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு ஜோடி கையுறைகூட வெளியே போனதில்லை. பிறகு ஓய்வு கொடுத்தார்கள். ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். மணி பார்க்க வேண்டிய அவசியம் போன பிறகு மனிதனுக்குக் கடிகாரம் கொடுப்பது ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அங்கே அவருடைய கையெழுத்து யாருக்கும் தேவைப்படவில்லை. மனைவி கேத்லீன் சபையில் மாதர் சங்கச் செயலாளர். சபைப் பண்டிகையிலிருந்து சோற்றுப் பானை வரைக்கும் அவர் நிர்வாகம். பிரான்க்ளினுக்கு ஒதுக்கப்பட்ட இலாகாக்கள் இரண்டு: குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது, கார் டயருக்குக் காற்றடிப்பது. இரண்டையும் அவர் சிறப்பாகவே செய்து வந்தார்.

அந்த நேரத்தில்தான் நாட்டில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது.

"மூணு கடை ஏறி எறங்கிட்டேன் கேத்லீன். எங்கயும் இல்ல."

"அப்ப பக்கத்துல ஹஃப்சா வீட்ல மட்டும் எப்படி தெனம் காலையில ஆம்லேட் வாசம் வருது?"

"அவங்க வீட்ல கோழி இருக்கு லா."

கேத்லீன் அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தார். "நம்ம வீட்ல நீங்க இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று மதியமே பிரான்க்ளின் கோழி வளர்ப்பது என்று முடிவெடுத்தார். எஸ்டேட்டில் பிறந்தவர்தான். ஆனால் கோழியோடு அவருக்கு இருந்த பழக்கமெல்லாம் அது தட்டுக்கு வந்த பிறகு ஏற்பட்டது. அதனால் முறையாகப் படித்துவிட்டுத்தான் இறங்குவது என்று இரண்டு வாரம் கைத்தொலைபேசியில் காணொளிகள் பார்த்தார். தாய்லாந்துக்காரர் ஒருவர், பெயர் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, திண்டுக்கல் பக்கத்து விவசாயி ஒருவர் ஆகிய மூவரும் அவருக்கு ஆசிரியர்கள். மூவரும் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார்கள். பிரான்க்ளின் மூன்றையும் குறித்துக்கொண்டார்.

பிறகு கூண்டு. பழைய தொழிற்சாலையிலிருந்து மரப் பலகைகளை வாங்கி வந்து, தாளில் வரைபடம் போட்டு, மட்டம் பார்த்து, ஒன்பது நாளில் எழுப்பினார். படுக்க உயரத்தில் ஒரு கம்பு. முட்டையிட உமி பரப்பிய இரண்டு பெட்டிகள். தண்ணீருக்கு ஒரு தட்டு. வாசல் கொஞ்சம் சிறியதாகிவிட்டது. கடைசி ஆணியை உள்ளேயிருந்து அடித்ததில் அவர் வெளியே வர இருபது நிமிடமாயிற்று. கால்கள் முதலில் வர அவர் பின்பக்கமாக வெளிப்பட்ட காட்சியைக் கேத்லீன் படமெடுத்து மாதர் சங்க வாட்ஸ்அப்பில் போட்டார். முப்பத்தாறு சகோதரிகள் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டு ஜமாலுதீன் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். டுரியான் துங்கால் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர். ஹஃப்சாவின் கணவர். இருபது வருடமாகக் கோழி வளர்ப்பவர்.

"அண்ணே, இது கோழிக்கா, இல்ல உங்களுக்கா?"

"கோழிக்குத்தான் பாய். ஏன்?"

"இல்ல, ஜன்னலுக்குத் திரை போட்ருக்கீங்களே, அதான் கேட்டேன்."

"வெயில் படும்ல பாய்."

"படும் படும்" என்றார் ஜமாலுதீன் மிகுந்த மரியாதையோடு. "என் கோழிங்க இத பாக்காம இருக்கணும். அப்புறம் எங்கிட்ட கேக்கும்."

கோழி வாங்க ஜாசின் வரைக்கும் போனார் பிரான்க்ளின். அங்கே ஒரு செம்பனை எஸ்டேட்டில் அங்கமுத்து என்பவர் நாட்டுக்கோழி விற்கிறார் என்று தகவல். மூன்று மாதக் குஞ்சுகள் நான்கு தேர்ந்தெடுக்கப்பட்டன. ஸ்டோர் கீப்பர் அல்லவா, சரக்கைச் சரிபார்க்காமல் வாங்க மனம் வரவில்லை.

"நாலும் பொட்டைதானே?"

"அண்ணே, என் மூஞ்சியப் பாத்தா எப்படித் தெரியுது?"

பிரான்க்ளின் அங்கமுத்துவின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்துவிட்ட பிறகு மேற்கொண்டு கேட்பது அவமரியாதை என்று தோன்றியதால், நான்கையும் அட்டைப் பெட்டியில் வைத்து, இருக்கைப் பட்டை போட்டு, வழியெல்லாம் மெதுவாக ஓட்டி வீடு சேர்ந்தார்.

குடும்பக் கோழிப்பண்ணை அன்று மாலை ஐந்தரை மணிக்குத் தொடங்கப்பட்டது. கேத்லீன் ஜெபம் செய்தார். கூண்டின் வாசலில் பிரான்க்ளின் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்: பொருள், முட்டை, இருப்பு, பூஜ்யம்.

இருப்பு ஐந்து மாதத்துக்குப் பூஜ்யமாகவே இருந்தது. அந்த ஐந்து மாதத்தில் பண்ணை சந்தித்த இழப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

முதல் கோழி ஒரு நாள் விடியற்காலை கூவியது. நல்ல குரல். தாமான் முழுக்கக் கேட்டது. தாமான் வாட்ஸ்அப் குழுவிலும் கேட்டது. அங்கமுத்துவிடம் கொண்டுபோனால், "நான் பொட்டைனு எங்கண்ணே சொன்னேன்? மூஞ்சியப் பாருங்கன்னுதானே சொன்னேன்" என்றார். மறுக்க வழியில்லை. அவர் சொன்னது அதுதான். சேவலை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

இரண்டாவதை ஒரு பியாவாக் எடுத்துப்போனது. வீட்டுக்குப் பின்னால் ஓடும் பெரிய லோங்காங் சாக்கடையில் வசிக்கிற உடும்பு. வால் உட்பட பிரான்க்ளின் நீளம். மட்ட மத்தியானத்தில் ஏறி வந்து கோழியைக் கவ்வியது. பிரான்க்ளின் துடைப்பத்தோடு ஓடிவந்து தமிழில் ஒரு முறை, மலாயில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை அதட்டினார். பியாவாக் நின்று, திரும்பி, அவர் வேறு மொழி ஏதும் பேசுவாரா என்று காத்திருப்பதுபோல் பார்த்தது. பிறகு அவசரப்படாமல் இறங்கிப் போய்விட்டது. துடைப்பத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் கொஞ்ச நேரம் அந்த இடத்தைப் பெருக்கினார்.

மூன்றாவது, மதிலைத் தாண்டி ஜமாலுதீன் வீட்டுக்குக் குடிபோனது. அவர் நல்ல மனிதர். ஏழு முறை திருப்பி அனுப்பினார். எட்டாவது முறை அவருக்கே கை வலித்தது.

"அது இங்கதான் இருப்பேங்குது அண்ணே. நான் என்னா பண்ண?"

"பரவாயில்ல பாய். எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்றார் பிரான்க்ளின், மகளைக் கட்டிக்கொடுத்தவர் குரலில்.

ஆக எஞ்சியது ஒன்று. கருஞ்சிவப்பு உடல், கழுத்தில் மட்டும் கொஞ்சம் பொன் நிறம். அவர் கூண்டைக் கழுவினால் பின்னாலேயே வந்து கழுவியது சரியா என்று பார்க்கும். தண்ணீர் மாற்றினால் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் தட்டைப் பார்க்கும். பிறகு இன்னொரு கண்ணால் அவரைப் பார்க்கும். முப்பத்தொரு வருடம் இப்படிப் பார்க்கப்பட்டவர் ஆதலால் உடனே அடையாளம் கண்டுகொண்டு அதற்குச் சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தார்.

இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓய்வுபெற்ற பிறகு காலையில் அவருக்காகக் காத்திருந்த ஒரே உயிர் அதுதான். ஏழு மணிக்குப் பின்கதவைத் திறந்தால், கூண்டுக்குள் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருக்கும். ஒரு நிமிடம் தாமதமானால் குரல் கொடுக்கும். அவர் பேசினால் நின்று கேட்கும். தொழிற்சாலையில் நடந்த அநியாயங்கள், டயர் விலை, போர்மேன் ஒருவன் கையெழுத்திடாமல் எடுத்துப்போன பன்னிரண்டு பேட்டரிகள் என்று அவர் பல வருடமாக யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்ததையெல்லாம் சொன்னார். சூப்பர்வைசர் இடையில் எழுந்து போகவில்லை.

ஆகஸ்டு மாதம் ஒரு நாள், அவர் கை நீட்டியதும் அது ஓடாமல் இறக்கையை விரித்துத் தரையோடு பதுங்கியது. கொண்டையும் ரத்தச் சிவப்பாகியிருந்தது. பதறிப்போய் மதிலருகே ஓடினார்.

"பாய்! காய்ச்சல் வந்துருச்சு பாய்! மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு!"

ஜமாலுதீன் எட்டிப் பார்த்தார். "காய்ச்சல் இல்ல அண்ணே. முட்டை வரப்போகுது. ஒரு வாரம் பொறுங்க."

ஆறாவது நாள் வந்தது. சின்ன முட்டை, வெளிறிய பழுப்பு நிறம், ஓரத்தில் ஒரு துளி ரத்தம். பிரான்க்ளின் அதை இரண்டு கையிலும் ஏந்தி வந்து மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளையில் வைத்தார். கேத்லீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வறுக்கட்டுமா?"

"கொன்னுடுவேன்" என்றார் பிரான்க்ளின். திருமணமாகி இருபத்தொன்பது வருடத்தில் அவர் அப்படிப் பேசியது அதுவே முதல் முறை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த முட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆராதனைக்குப் போனார். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தும் நின்றார்.

இங்கே அவருக்கு இருந்த ஒரு நோயைக் குறிப்பிட வேண்டும். கையில் மைக் வந்துவிட்டால் அவருடைய சொந்த வார்த்தைகள் எங்கோ ஓடிவிடும். முப்பது வருடமாகக் கேட்ட பிரசங்கங்களின் வார்த்தைகள் வந்துவிடும். "என் கோழி முட்டை போட்டது" என்று சொல்லத்தான் எழுந்தார்.

"சபையோரே! நாலு கொடுத்தார், மூன்றை எடுத்தார்! ஒன்றை வைத்து என்னை ஆசீர்வதித்தார்!" என்று தொடங்கினார். ஒரு ஆமென் வந்தது. அதுதான் ஆபத்து. "இந்த முட்டை என்னுடையதா? இல்லை! என் கூண்டிலே இருக்கிறதெல்லாம் யாருடையது? அவருடையது! வருகிற அறுப்பின் பண்டிகையிலே என் முதற்பலன் அவருக்கே!"

சபை எழுந்து கை தட்டியது. கீபோர்டு வாசிப்பவர் ஒரு தட்டுத் தட்டினார். பிரான்க்ளின் முட்டையை உயர்த்திக் காட்டிவிட்டு அமர்ந்தார். கேத்லீன் கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதினார்.

என்ன எழுதினார் என்பது மதியச் சாப்பாட்டின்போது தெரிந்தது.

"பண்டிகை லிஸ்ட்ல சேத்தாச்சு. நாட்டுக்கோழி ஒண்ணு, காணிக்கை பிரதர் பிரான்க்ளின்."

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. "கோழியா? நான் முட்டையச் சொன்னேன்!"

"கூண்டுல இருக்குறதெல்லாம்னு சொன்னீங்க."

"அது ஒரு பேச்சுக்கு லா!"

"பேச்சுக்கா? பாஸ்டர் கேட்டாரு. சபை கேட்டுச்சு. அதையும் விடுங்க, யூடியூப்ல லைவ் போயிருக்கு. ஜேம்ஸ் அண்ணன் இப்பவே 'சாட்சிக் கோழி'னு பேர் போட்டு நோட்டீஸ் அடிச்சுட்டாரு. நான் அனுப்புன கோழி போட்டோவும் போட்டாச்சு."

அறுப்பின் பண்டிகை என்றால் அந்தச் சபையில் பெரிய விசேஷம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் விளைந்ததோ சமைத்ததோ ஏதாவது வரும். கரும்பு, தேங்காய், பூசணி, கேக், ஊறுகாய் எல்லாம். ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் ஏலம். ஏலம் போடுபவர் ஜேம்ஸ். கோழி வந்தால் அதை எடுப்பவர் பால்ராஜ். பன்னிரண்டு லாரிக்கு முதலாளி, முன்வரிசை. ஏலத்தில் எடுத்த கோழியை அன்று மாலையே பெரட்டல் செய்துவிடுவார். அந்தப் பெரட்டல் சபை முழுக்கப் பிரசித்தம். இரண்டு வருடத்துக்கு முன் பிரான்க்ளினே சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் பாராட்டியிருக்கிறார்.

பிரான்க்ளின் கையைக் கழுவிவிட்டு வழி தேடத் தொடங்கினார்.

வேறு கோழி வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று பார்த்தார். நோட்டீஸில் இருக்கும் படம் ஒத்துவராது. கோழி காணாமல் போய்விட்டது என்று சொல்லலாமா? கேத்லீன் தினமும் ஒரு முறை வந்து எண்ணிவிட்டுப் போனார். ஒன்றை எண்ண அதிக நேரம் பிடிக்கவில்லை. கடைசியில் மதிலருகே போய் நின்றார்.

"என்னா அண்ணே இதுக்குப் போயி" என்றார் ஜமாலுதீன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "ஏலம்தானே? நீங்களே கேட்டு எடுத்துருங்க. சாமிக்கும் போச்சு, கோழியும் வந்துச்சு."

இவ்வளவு எளிய வழி ஒன்று இருக்கிறதே என்று பிரான்க்ளினுக்குக் கண் கலங்கியது. மூக்குக் கண்ணாடி மாற்றுவதற்காக வைத்திருந்த முந்நூறு வெள்ளிப் பணத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

பண்டிகை நாள். காலையில் சூப்பர்வைசரின் கால்களை நைலான் நாரால் கட்டியது கேத்லீன். பிரான்க்ளின் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூடையோடு காரில் ஏற்றியபோது அது வழக்கம்போல் முதலில் கூடையைப் பார்த்தது, பிறகு அவரைப் பார்த்தது.

மண்டபத்தில் பூசணிக்காய் போனது, கரும்பு போனது. பிறகு ஜேம்ஸ் கூடையைத் தூக்கினார்.

"இதோ வந்துட்டாங்க! நம்ம சாட்சிக் கோழி! பாருங்க மூஞ்சிய, பைபிள் காலேஜ் முடிச்ச மாதிரி இருக்கு! முப்பது வெள்ளில ஆரம்பிக்கிறேன்!"

"அம்பது" என்றார் பால்ராஜ், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"அறுபது" என்று ஒரு குரல் பின்வரிசையிலிருந்து வந்தது.

மண்டபம் திரும்பியது. பிரான்க்ளின் எழுந்து நின்றிருந்தார். முப்பது வருட ஏலத்தில் அவர் எடுத்ததெல்லாம் ஒரு புட்டி எலுமிச்சை ஊறுகாய். கேத்லீன் அவருடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

எழுபது, எண்பது, தொண்ணூறு, நூறு. பால்ராஜ் இப்போது திரும்பிப் பார்த்துவிட்டார். நூற்றுப்பத்து என்றார். பிரான்க்ளின் நூற்றிருபது என்றார். பால்ராஜ் சிரித்துக்கொண்டே கையை விரித்தார்.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! பிரதர் பிரான்க்ளின்!"

பிரான்க்ளின் கூடையை வாங்க நடைவழியில் இறங்கினார். பாதி தூரம் போவதற்குள் ஜேம்ஸின் குரல் உடைந்து உயர்ந்தது.

"சபையோரே! தான் குடுத்த கோழிய தானே ஏலம் எடுத்து, மறுபடியும் சபைக்கே குடுக்குறாரு நம்ம அண்ணன்! அல்லேலூயா சொல்லுங்க!"

சொன்னார்கள்.

பிரான்க்ளின் மறந்துபோனது இதைத்தான். அந்தச் சபையில், ஏலத்தில் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது வழக்கம். மறுபடியும் ஏலம் விடுவார்கள். போன வருடம் ஒரு பூசணிக்காய் ஐந்து தரம் போனது. அதிலும், தான் காணிக்கையாகக் கொடுத்ததைத் தானே எடுக்கிறவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் எடுக்கிறார் என்று நினைக்கும் அளவுக்கு அந்தச் சபையில் யாரும் கெட்டவர்கள் இல்லை. முப்பது வருடமும் இது நடந்திருக்கிறது. முப்பது வருடமும் அவர் பின்வரிசையில் கறிபாப் தின்றுகொண்டிருந்தார்.

"இல்ல... நான் வந்து..." என்றார். கீபோர்டு அதை மூடிவிட்டது.

இரண்டாம் சுற்று. இந்த முறை பால்ராஜுக்கு வேகம் வந்திருந்தது. சபைக்குக் கொடுப்பதில் தன்னை ஒருவர் முந்துவதாவது! நூறில் தொடங்கி விறுவிறுவென்று ஏறியது. நூற்றைம்பதில் பிரான்க்ளின் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். திறந்தபோது கோழி மறுபடியும் அவருடையதாகியிருந்தது. ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு.

"திரும்பவும் சபைக்கே!" என்று அலறினார் ஜேம்ஸ். "என்னா மனசு! என்னா மனசு! அண்ணே, இங்க வாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க!"

மைக் கைக்கு வந்தது.

இதுதான் தருணம் என்று பிரான்க்ளினுக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டியது நான்கே வார்த்தை: எனக்கு என் கோழி வேண்டும். கூடைக்குள்ளிருந்து சூப்பர்வைசர் ஒரு கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார்.

"கொடுக்கிறதிலே இருக்கிற சந்தோஷம்" என்று தன் குரல் சொல்வதைக் கேட்டார், "வாங்குகிறதிலே இல்லை, சபையோரே."

ஆமென் வந்தது. குரல் தொடர்ந்து போனது. பற்றுகளை விடுவது பற்றி, திறந்த கை பற்றி, அவர் வாழ்நாளில் ஒருபோதும் நம்பாத பல விஷயங்கள் பற்றி ஐந்து நிமிடம் பேசியது. பாஸ்டர் தலையசைத்தார். பின்வரிசையில் கேத்லீன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்படியொரு பெருமையோடு மனைவி தன்னைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று என்று பிரான்க்ளின் யோசித்தார். அதற்கு மேல் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் சுற்றில் அவர் பையில் முப்பது வெள்ளி இருந்தது. அவர் முப்பது என்றார். பால்ராஜ் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, முந்நூறு என்றார். பிறகு எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

அன்று மாலை, டயருக்குக் காற்றடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு பிரான்க்ளின் ஆயர் குரோவுக்கு ஓட்டினார். பால்ராஜின் வீடு பெரிய வீடு, தானே திறக்கும் கேட். கேட் திறக்கத் திறக்க உள்ளேயிருந்து வெங்காயமும் மசாலாவும் கறிவேப்பிலையும் வதங்கும் வாசனை வந்தது.

"அட, அண்ணே! நீங்களா!" கையில் கரண்டியோடு வந்தார் பால்ராஜ். "சரியான நேரத்துக்கு வந்தீங்க. வாங்க வாங்க, பெரட்டல் எறக்குறேன்."

"இல்ல தம்பி, நான் சும்மா..."

"சும்மாவா? சாப்பிடாம போயிருவீங்களா?"

உட்கார வைத்தார்கள். தட்டு வந்தது. தொடைக்கறி ஒன்று பளபளவென்று அவரைப் பார்த்தது. பிரான்க்ளினின் கண்ணிலிருந்து நீர் வடிந்து தட்டில் விழுந்தது.

"காரமா அண்ணே?"

"தம்பி" என்றார் மெல்ல, "இது... அதுவா?"

பால்ராஜ் ஒரு கணம் விழித்துவிட்டு, வீடு அதிரச் சிரித்தார். "ஐயோ அண்ணே! இது பாசார்ல வாங்குன கோழி! அந்தக் கோழிய எவனாவது அடிப்பானா? நீங்க ரெண்டு தடவ விடாம நின்னீங்களே, அப்பவே புரிஞ்சு போச்சு எனக்கு. இந்தக் கோழில என்னமோ இருக்கு. பின்னாடி இருக்கு, வாங்க காட்டுறேன்."

பின்கட்டில், கவிழ்த்த கூடைக்குள் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தது. அவரைக் கண்டதும் குரல் கொடுத்தது. தாமதமானால் கொடுக்குமே, அந்தக் குரல்.

மைக் இல்லை. சபை இல்லை. அங்கே பிரான்க்ளினுக்கு நான்கு வார்த்தையும் வந்தன.

"தம்பி, எனக்கு என் கோழி வேணும்."

பால்ராஜின் முகத்தில் சிரிப்பு நின்று, பக்தி வந்தது. "சோதிக்கிறீங்களா அண்ணே? சபைக்குக் குடுத்தத திருப்பிக் கேக்குற ஆளா நீங்க? திறந்த கைன்னு சொன்னீங்க பாருங்க, என் பொண்டாட்டி இன்னும் அழுதுக்கிட்டு இருக்கா. மாட்டேன் அண்ணே. இது ஆசீர்வாதக் கோழி. நான் வச்சுக் காப்பாத்துறேன்." பிறகு தோளில் கை போட்டார். "நானும் வளக்கலாம்னு பாக்குறேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

பிரான்க்ளின் சொல்லிக் கொடுத்தார். வேறென்ன செய்வது? ஒரே வாரத்தில் பால்ராஜின் பின்கட்டில் கூண்டு எழும்பியது. கம்பி வலை, சிமெண்டுத் தரை, மேலே ஒரு மின்விசிறி. பிரான்க்ளினுடைய சமையலறையைவிட அகலம். உள்ளே சூப்பர்வைசரோடு ஐந்து புதுக் கோழிகள். ஆனால் பத்து நாளாகியும் சூப்பர்வைசர் முட்டை போடவில்லை. பால்ராஜ் போன் போட்டார்.

"அண்ணே, தீனி குடுக்குறேன், ஃபேன் போடுறேன், பாட்டும் போட்டுப் பாத்தேன். ஒண்ணும் வர மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பிரான்க்ளின் அங்கே நின்றார். தண்ணீர் மாற்றினார். அது தட்டைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. போர்மேன், பேட்டரி விஷயத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அரை மணி நேரத்தில் பெட்டிக்குள் போய் உட்கார்ந்து முட்டையிட்டது. அதைப் பால்ராஜின் மனைவி எடுத்துப் போனார்.

அதன் பிறகு அது ஒரு ஏற்பாடாகிவிட்டது. தினமும் இருபது நிமிடம் கார் ஓட்டிப் போய், கூண்டைக் கழுவி, தீனி வைத்து, கொஞ்சம் பேசி, முட்டை வந்ததும் திரும்புவார். சம்பளம் இல்லை, கேட்கவும் முடியாது, ஊழியம். அவர் இல்லாவிட்டால் அது முட்டை போடுவதில்லை. முட்டை போடாவிட்டால் பால்ராஜுக்குப் பெரட்டல் நினைவு வந்துவிடும் என்பதை எண்ணித்தான், காய்ச்சல் வந்த நாளிலும் பிரான்க்ளின் தவறாமல் போனார். கேத்லீனுக்கு ஏகப்பட்ட பெருமை. மாதர் சங்கத்தில் சொன்னார். "அவருக்கு இப்ப கோழி ஊழியம்."

டிசம்பரில் பால்ராஜ் குடும்பத்தோடு பினாங்குக்கு மூன்று நாள் பயணம் புறப்பட்டார். கேட்டின் ரிமோட்டைப் பிரான்க்ளினிடம் கொடுத்தார்.

"உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் அண்ணே."

முதல் நாள் காலை, வீட்டில் யாரும் இல்லை. வேலை முடிந்து காரின் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் வாளியைக் கவிழ்க்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் சூப்பர்வைசர் காரில் ஏறி, முன் இருக்கையில் நின்றுகொண்டிருந்தது. கூண்டுக் கதவைச் சாத்த மறந்திருக்கிறார். மற்ற ஐந்தும் உள்ளேயே மேய்ந்துகொண்டிருந்தன. இது மட்டும் வந்திருக்கிறது. தானாக.

பிரான்க்ளின் கேட்டைப் பார்த்தார். கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்தார். பியாவாக் எடுத்துப்போயிற்று என்று சொன்னால் போதும். ஆயர் குரோவிலும் பியாவாக் இருக்கிறது. நான் திருடவில்லை, அதுதான் ஏறியது. அவர் மெதுவாக ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். கதவைச் சாத்தினார். சூப்பர்வைசர் இருக்கையில் வசதியாக அமர்ந்துகொண்டது.

போன் அடித்தது.

"அண்ணே!" பால்ராஜின் குரல் உற்சாகமாக இருந்தது. "பினாங்குலேர்ந்து பேசுறேன். கேமராவுல உங்களத்தான் எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கோம், நேத்துதான் மாட்டுனேன். அண்ணே, நீங்க கவனிக்கல போலருக்கு. கோழி உங்க கார்ல ஏறிடுச்சு பாருங்க. எறக்கி விடுங்க."

"அப்படியா" என்றார் பிரான்க்ளின். பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். "ஆமா தம்பி. கவனிக்கல."

இறங்கிச் சுற்றிவந்து, சூப்பர்வைசரைத் தூக்கிக் கூண்டுக்குள் விட்டார். அவர் திரும்புவதற்குள் அது வெளியே வந்து காரில் ஏறிவிட்டது. மறுபடி தூக்கினார்.

"நல்லா சாத்துங்க அண்ணே" என்றது போன். "இன்னும் நல்லா."

சாத்தினார். பால்ராஜ் போனை வைக்கவில்லை.